கல்வியின் முக்காற்பங்கு

மாலை வேளையில் தெருவோரத்திலோ வீட்டு முற்றத்திலோ சிறுவர் சிறுமியர் கூடிப் பள்ளிக்கூட விளையாட்டு ஆடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு குழந்தை ஆசிரியராகிக் கையில் குச்சியை ஏந்தி நிற்கும். ஏனைய குழந்தைகள் மாணாக்கராய் வரிசையில் அமர்ந்திருக்கும். அவ்விளையாட்டில் பூசல் எழுவது எப்போது? இன்றைக்கு ஆசிரியர் யார் என்ற பேச்சு வரும்போதுதான். மாணாக்கராவதற்கு எந்தக் குழந்தையும் போட்டியிடுவதில்லை; ஆசிரியராவதற்கே அத்தனை குழந்தைகளும் முந்துகின்றன. பகல் முழுவதும் வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பிள்ளை, பொழுது சாய்ந்தபின் அதே பாடத்தைத் தன் தம்பிக்கும் தங்கைக்கும் உரத்த குரலில் ஓதுவிக்கிறது. பாடம் அதே பாடம். பிள்ளையும் அதே பிள்ளை. பகலில் இல்லாத ஊக்கம் மாலையில் எங்கிருந்து வந்தது?

பிள்ளைகளின் மனம் பாடத்தில் ஈடுபடவில்லை, கற்றது நெஞ்சில் நிலைக்கவில்லை என்னும் குறையைப் பெற்றோரும் ஆசிரியரும் இன்று எங்கும் கூறக் கேட்கிறோம். அக்குறையைத் தீர்க்கப் புதிய கருவிகளும் புதிய பாடநூல்களும் வந்துகொண்டே இருக்கின்றன. அவை வேண்டுவனவே. ஆயினும், நம் ஊர்த் திண்ணையில் தோன்றிக் கடல் கடந்து சென்று, அயல்நாட்டில் பெரும்புகழ் பெற்று, பின்னர் அங்கேயே பெயர் கெட்டு மறைந்த ஒரு கற்பிக்கும் முறையின் வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. அது வாழ்ந்ததற்கும் காரணம் உண்டு. வீழ்ந்ததற்கும் காரணம் உண்டு. அவ்விரண்டையும் அறிந்துகொண்டால், மேலே கேட்ட வினாவுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறும் நூல். அதன் பாயிரப் பகுதியில் ஆசிரியர் எத்தகையவராக இருத்தல் வேண்டும், மாணாக்கர் எவ்வாறு பயிலுதல் வேண்டும் என்பனவும் சொல்லப்பட்டுள்ளன. அவ்விடத்தில் முனிவர் கல்வியை நான்கு பங்காக்கிக் கணக்கிடுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். ஆசிரியர் தரக்கூடியது காற்பங்கு என்றால், மாணாக்கர் தமக்குள் ஒருவர்க்கொருவர் தந்துகொள்வது முக்காற்பங்கு! பெரும்புலவர் ஒருவர் தம் பாயிரத்தில் இவ்வாறு கணக்கிட்டிருப்பது வியப்பன்றோ?

இக்கணக்கு ஏட்டில் உறங்கிக் கிடக்கவில்லை. தென்னாட்டுப் பள்ளிகளில் நடைமுறையாகவும் இருந்தது. இத்தாலி நாட்டு வழிப்போக்கர் பியெத்ரோ தெல்லா வல்லே என்பவர் 1623-ஆம் ஆண்டில் கன்னட நாட்டில் இக்கேரியை நோக்கிப் பயணம் செய்தார். வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கியபோது, சிறுவர் நால்வர் கணக்குப் பயில்வதைக் கண்டார். அவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பியிருந்தனர். பாடத்தை இசையோடு பாடிக்கொண்டே விரலால் மணலில் எழுதினர். இடம் நிறைந்ததும் அழித்துப் புதுமணல் தூவி மேலும் எழுதினர். ஆசிரியர் எவரும் அங்கு இல்லை. தவறு நேர்ந்தால் உங்களைத் திருத்துவார் யார் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் தவறுதல் இயலாது. ஒருவன் தவறினால் மற்றவன் திருத்துவான். அதற்காகவே கூடிப் படிக்கிறோம் என்று சிறுவர்கள் விடையிறுத்தனராம். அவ்விடையைத் தம் பயணக் குறிப்பில் அவர் பொன்போல் போற்றி எழுதி வைத்தார்.

ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின், 1823-ஆம் ஆண்டில், பெல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த ஏ. டி. காம்பெல் என்பவர் தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை விடுத்தார். அதிலும் இதே காட்சியைக் காண்கிறோம். சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதி எழுத்தறிகின்றனர். பிள்ளைகள் தகுதிக்கேற்பப் பல வகுப்பாகப் பிரிந்து அமர்கின்றனர். மேல்வகுப்பை ஆசிரியர் நேரே பார்த்துக்கொள்கிறார். கீழ்வகுப்புகள் முன்னேறிய மாணாக்கர் சிலருடைய பொறுப்பில் விடப்படுகின்றன. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் அப்பொறுப்பை ஏற்ற மாணாக்கனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் மணலில் விரல் பழகவேண்டும். அவ்விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த கை பெரும்பாலும் ஆசிரியருடையதாக இராது, சற்று மூத்த மாணாக்கனுடையதாகவே இருக்கும்.

இவ்வளவைக் கொண்டு அக்காலப் பள்ளிகளைப் பொற்காலப் பள்ளிகள் என்று எண்ணிவிடலாகாது. அவற்றின் குறைகளையும் காம்பெல் மறைக்கவில்லை. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதிச் சிறப்புச் செய்வர். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி இடுவர். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காவதாக வருபவனுக்கு இரண்டு. பின்னர் வருவோர்க்கு ஒவ்வோர் அடியாக ஏறிக்கொண்டே போகும். சோம்பிய பிள்ளையைக் கூரையிலிருந்து கைகளைக் கட்டித் தொங்கவிடுவதும், ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்வதும் உண்டு. நூற்றுக்கணக்கான செய்யுள்களை ஒப்பிக்கும் பிள்ளை, அவற்றின் பொருளை அறிவதில் கிளிப்பிள்ளையாகவே இருந்தான். பெண்மக்கள் அப்பள்ளிகளில் மிகச் சிலரே. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கோ திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. இத்தனை குறைகளுக்கு இடையே, கற்றவன் கற்பிக்கிறான் என்னும் ஒரு முறை மட்டும் சேற்றில் கிடந்த மணியாய் இருந்தது. அம்மணியைக் கண்டெடுத்தவர் ஸ்காத்லாந்து நாட்டவர் ஒருவர்.

அவர் ஆண்ட்ரூ பெல். 1753-ஆம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் ஒரு முடிதிருத்துவோரின் மகனாகப் பிறந்தவர். 1787-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, கும்பினிப் படைகளுக்குச் சமயகுருவாகப் பல பதவிகளைப் பெற்றார். 1789-ஆம் ஆண்டில் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பள்ளியின் மேற்பார்வை அவரிடம் வந்தது. இன்று எழும்பூர் இரயில் நிலையம் உள்ள பகுதியில் அக்காலத்தில் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதிலேதான் அப்பள்ளி நடைபெற்றது. ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற மைந்தர்கள், பெரும்பாலும் இந்நாட்டுத் தாய்மார்க்குப் பிறந்தவர்கள், அங்கு உண்டு உறைந்து படித்தனர். ஏனைய பதவிகளில் நிறைந்த ஊதியம் பெற்ற பெல், இப்பள்ளிப் பணிக்கு மட்டும் ஊதியம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

பள்ளியின் நிலைமை நன்றாக இல்லை. ஆசிரியர்கள் குறைந்த சம்பளத்தினர். ஊக்கமோ அதனினும் குறைவு. எழுத்தறிவதற்கே பிள்ளைகளுக்கு நெடுங்காலம் சென்றது. ஒரு நாள் காலை பெல் குதிரைமீது உலாவச் சென்றபோது ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்ணுற்றார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். அக்காட்சி அவர் நெஞ்சைக் கவர்ந்தது. பள்ளிக்குத் திரும்பியதும், கீழ்வகுப்பினர்க்கு மணலில் எழுத்துப் பயிற்றுமாறு ஆசிரியர்க்குக் கட்டளையிட்டார். அது நடவாத செயல் என்று ஆசிரியர் கையை விரித்துவிட்டார். பெரியவர் மறுத்த பணியைப் பெல் ஒரு சிறுவனிடம் ஒப்படைத்தார். ஜான் பிரிஸ்கன் என்னும் பெயருடைய அவன், சாதாரணச் சிப்பாய் ஒருவனுடைய மகன்; அப்போது வயது எட்டு. நடவாது என்று ஆசிரியர் சொன்னதை அந்த எட்டு வயதுச் சிறுவன் நடத்திக் காட்டினான்.

அன்றுமுதல் பள்ளியின் அமைப்பே மாறிற்று. வகுப்பில் பாதிப் பேர் கற்பிப்போர், பாதிப் பேர் கற்போர் என்று இணையிணையாகப் பிரிக்கப்பட்டனர். முன்னேறிய மாணாக்கன் பின்தங்கியவன் அருகே அமர்ந்து துணை செய்வான். இணைகளை ஒரு துணையாசிரியச் சிறுவன் கவனிப்பான். அவனுக்கு மேல் மற்றொரு சிறுவன். அனைவர்க்கும் மேலே பெல். பாடங்கள் சிறியவையாக இருந்தன. ஒரு பாடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் முற்றும் வந்த பின்னரே அடுத்த பாடத்துக்குச் செல்வர். செய்த குற்றங்களைக் குறிக்க ஒரு கரும்புத்தகம் இருந்தது. குற்றம் செய்தவனை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்களும் பிள்ளைகளே. பாடத்தில் மனம் செல்லச் செல்லத் தண்டனைக்கு வேலை குறைந்தது. ஏறத்தாழ 200 மாணாக்கர் பயின்ற அப்பள்ளியில் மாதக்கணக்கில் பிரம்பு எடுக்கப்படாத காலமும் உண்டு.

இங்குப் பயின்றவர் எவ்வளவு உயர்ந்தனர் என்பதற்கு ஒரு சான்று. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் பிணையாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மைந்தர் இருவரையும் 1794-ஆம் ஆண்டில் கேப்டன் டவ்டன் திரும்ப அழைத்துச் சென்றார். அவருடன் வில்லியம் ஸ்மித் என்னும் எழும்பூர்ப் பள்ளி மாணவரும் சென்றார். இயற்பியல் கருவிகளைக் கொண்டுபோய்ச் சுல்தானின் முன்னிலையில் சோதனைகளைச் செய்துகாட்டி விளக்குவது அவருடைய பணி. அநாதைப் பள்ளியில் வளர்ந்த ஓர் இளைஞர் அரசவையில் நின்று ஓர் அரசருக்கே ஆசிரியரானார்! கற்பித்துக் கற்ற பிள்ளைக்கு வாய்க்கும் துணிவு அத்தகையது.

பெல் 1796-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டிலேயே தம் எழும்பூர்ச் சோதனையைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் முறைக்குச் சென்னை முறை என்று பெயர் ஏற்பட்டது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞரும் 1798-ஆம் ஆண்டில் இலண்டனில் ஏழைச் சிறுவர்க்கு ஒரு பள்ளி தொடங்கி, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கலானார். அவர் பள்ளியிலும் மணற்பலகை இடம்பெற்றது. முறையைக் கண்டவர் யார் என்று இருவர் ஆதரவாளர்க்கும் இடையே பெரும்பூசல் மூண்டது. 1811-ஆம் ஆண்டில் பெல்லின் முறையைப் பரப்பத் தேசியச் சங்கம் தோன்றிற்று. லங்காஸ்டரின் பக்கம் வேறொரு சங்கம் நின்றது. போட்டியால் பள்ளிகள் பெருகின. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சென்னை முறை வழங்கலாயிற்று. பெல் 1832-ஆம் ஆண்டில் மறைந்தபோது வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் பெற்றார். அவர் விட்டுச்சென்ற பொருளால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி, மதராஸ் கல்லூரி என்னும் பெயருடன் இன்றும் நடைபெறுகிறது.

புகழ் ஓங்கிய இடத்திலேயே பழுதும் புகுந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் ஆலைத் தொழில் பெருகி நகரங்கள் வீங்கின. ஏழைப் பிள்ளைகள் திரளாக இருந்தனர். அவர்களுக்குச் செலவின்றிக் கல்வி கொடுக்க வழியுண்டா என்று செல்வர்கள் தேடிக்கொண்டிருந்தனர். சென்னை முறை அவர்கள் கண்ணுக்கு மலிவான சரக்காகத் தோன்றிற்று. ஓர் ஆசிரியர் இருந்தால் போதும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்துக் கற்பித்துவிடலாம் என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. இணையாக அமர்ந்து ஒருவன் விரலை ஒருவன் பிடித்து எழுதிய நிலை மாறியது. மணியோசைக்கு எழுந்து, கட்டளைக்கு அமர்ந்து, சட்டாம்பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லும் படைப் பயிற்சியாகக் கல்வி ஆயிற்று. அடிப்பதை வெறுத்த லங்காஸ்டரின் பள்ளியிலேயே, குற்றம் செய்த சிறுவனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டனர். கழுத்தில் மரக்கட்டை பூட்டினர். பெல்லாரித் திண்ணையில் காம்பெல் கண்ட கொடுமை, வேறு வடிவில் இலண்டனிலும் தலைகாட்டியது!

மாணாக்கன் அறிந்தது சிறிது. அச்சிறிதையே அவன் சொல்லிக்கொடுத்தான். ஐயம் எழுந்தால் தெளிவிக்க மூத்தோர் அருகில் இல்லை. காற்பங்காயினும் ஆசிரியர் தரவேண்டிய பங்கு ஒன்று உண்டு அல்லவா? நன்னூலார் கணக்கில் அதுவே முதற்பங்கு. அதனை அடியோடு நீக்கிவிட்டு எஞ்சிய முக்காலைப் பெறுவது எங்ஙனம்? அடித்தளம் இன்றி மாடி எழுப்பிய கதையாயிற்று. 1846-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கமே சிறுவரைக் கொண்டு கற்பிக்கும் முறையினின்று விலகி, பயிற்சி பெறும் இளம் ஆசிரியர்களை அமர்த்தத் தொடங்கிற்று. சென்னை முறை மெல்ல மெல்ல மறைந்தது.

அயலகத்தில் இம்முறை ஓங்கியிருந்த நாட்களில் அதன் பிறப்பிடம் எந்நிலையில் இருந்தது? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் பள்ளிக் கணக்கு எடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரியவந்தது. அஃதாவது, ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி. ஆனால் அவை தேய்ந்துகொண்டிருந்தன. பெல்லாரி மாவட்டத்தில் பத்து லட்சத்தை நெருங்கிய மக்களிடையே 533 பள்ளிகளும், அவற்றில் ஏழாயிரத்துக்கும் குறைந்த மாணாக்கருமே இருந்தனர். நெசவு முதலிய தொழில்கள் நலிந்து நாடு வறுமையுற்றதால் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பெற்றோர்க்கு வலியில்லை என்று காம்பெல் வருந்தி எழுதினார். இங்கிலாந்து பின்பற்றிய முறை இப்பள்ளிகளிலிருந்து பெற்றதே என்று அவர் பாராட்டிய அறிக்கையிலேயே, இப்பள்ளிகள் அழிந்துவரும் செய்தியும் சேர்ந்து நிற்கிறது.

பின்னர் வேறொரு காற்று வீசியது. 1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், தேர்வில் பிள்ளைகள் பெறும் தேர்ச்சிக்கு ஏற்பப் பள்ளிக்குப் பொருளுதவி அளிக்கும் விதி வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்கும் அத்தகைய விதி வந்து சேர்ந்தது. ஆய்வாளர் வரும் நாளே பள்ளிக்கு அறுவடை நாள் ஆயிற்று. எது கேட்கப்படுமோ அது மட்டுமே ஓதுவிக்கப்பட்டது. கல்வியின் பயனை அளக்கவேண்டும் என்ற நல்லெண்ணமே அவ்விதிக்குக் காரணம். ஆயினும் அளவுகோலையே பயிராகக் கருதிவிட்டால் களஞ்சியம் எப்படி நிரம்பும்?

காலம் மாறிற்று. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து 1956-ஆம் ஆண்டில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார்; 2022-ஆம் ஆண்டில் காலை உணவும் வந்தது. வயிறு நிறைந்த பிள்ளைக்கு மனம் நிறையவும் வழி தேடப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்னும் முறை தொடங்கி, 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவிற்று. மதனப்பள்ளிக்கு அண்மையில் உள்ள ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைகளும் ஏணிப்படிகளும் அதற்கு வழிகாட்டின. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். பிள்ளைகள் தத்தம் படிநிலைக்கேற்ப வெவ்வேறு குழுக்களில் இருந்தனர். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி. இன்னொரு குழுவுக்குச் சிறிதளவு உதவி. மற்றொரு குழுவில் சக மாணவரே துணை. பழைய திண்ணையின் சாயல் அங்கே தெரிந்தது. பழைய பிரம்பு மட்டும் இல்லை. திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவரின் மக்களும், பெண்மக்களும் அப்பாயில் ஒருங்கே அமர்ந்தனர். இதுவே பெரிய வேறுபாடு.

அதன்பின்னும் மாற்றங்கள் வந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் கற்றதை மறந்தபோது, 2021-ஆம் ஆண்டில் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தில் தன்னார்வலர் தெருவுக்கே வந்து கற்பித்தனர். மறு ஆண்டில் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் கீழ்வகுப்புகளுக்கு வந்தது. திட்டங்கள் வரும், பெயர்கள் மாறும். அட்டைகளை நிரப்புவதும் பதிவேடுகளை நிரப்புவதுமே வேலையென்று ஆகிவிட்டால், எந்தத் திட்டமும் ஆய்வாளர் வரும் நாளுக்கான ஒத்திகையாகவே முடியும். அவ்வாறாகாமல் காப்பது எது?

இவ்வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. மாணாக்கன் கற்பிக்கும்போது அவனே மிகுதியாகக் கற்கிறான் என்பது ஒன்று. பின்தங்கிய பிள்ளைக்கு உதவி கிடைக்கிறது என்பது மட்டும் இம்முறையின் பயன் அன்று. உதவிய பிள்ளைக்கே பெரும்பயன். ஆதலின், நன்றாகப் படிப்பவனை மட்டும் எப்போதும் சட்டாம்பிள்ளையாக்குதல் தவறு. சட்டாம்பிள்ளை என்னும் சொல்லே இன்று வீண் அதிகாரம் செய்பவனைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொல்லாக வழங்குவதைக் காண்கிறோம். ஒருவனே நிலையாக அப்பதவியில் அமர்ந்தமையால் வந்த இழிவு அது. கணக்கில் வல்லவன் கணக்கிலும், படம் வரைபவள் படத்திலும், செடி கொடிகளின் பெயரறிந்தவன் அதிலுமாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாளேனும் ஆசிரியர் இடம் வாய்க்கவேண்டும். எட்டு வயதுப் பிரிஸ்கன் தன் வகுப்பில் மிகச் சிறந்தவன் என்பதால் வென்றான் அல்லன்; நம்பி ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதால் வென்றான்.

மற்றொரு செய்தி, ஆசிரியருக்குப் பதிலாக மாணாக்கன் என்று கொள்ளலாகாது என்பது. செலவைக் குறைக்க இம்முறையை நாடிய நாடு, முறையையும் இழந்தது. பிள்ளைகளின் கல்வியையும் இழந்தது. பிள்ளைகள் தமக்குள் கற்பித்துக்கொள்ளும் வகுப்பில் ஆசிரியரின் வேலை குறைவதில்லை. எந்தப் பிள்ளை எங்குத் தடுமாறுகிறது, யாரை யாரோடு இணைப்பது, தவறாகச் சொல்லப்பட்டதை எப்போது திருத்துவது என்று ஓயாது கவனிக்கும் கண் அவருக்கு வேண்டும். ஆசிரியர் தொகை குறைந்த பள்ளியில் இம்முறையைப் புகுத்தி, குறையை மறைக்க முயல்வது எழும்பூரின் பாடத்தை மறந்து இலண்டனின் தவற்றைத் திரும்பச் செய்வதாகும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம், இன்று என்ன மதிப்பெண் பெற்றாய் என்று கேட்கிறோம். அதற்கு மாறாக, இன்று கற்றதில் ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அறிந்ததையே அறியாதவர்போல் கேளுங்கள். பிள்ளை முதலில் தயங்கும். பின்னர்ச் சொல்லத் தொடங்கும். இடையில் தனக்கே தெளிவில்லாத இடத்தில் நின்றுவிடும். அந்த இடமே கல்வி தொடங்கும் இடம். மறுநாள் அவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளும் ஆவலோடு அப்பிள்ளை பள்ளிக்குச் செல்லும். மாலை நேரத்துப் பள்ளிக்கூட விளையாட்டில் பொங்கிய ஊக்கம் பகல் வகுப்பிலும் தோன்றுவதற்கு அதுவே வழி.

தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கட்டும். ஆனால், நன்னூலார் வகுத்த நான்கு பங்கில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குக் கல்வி ஏறவில்லை என்று பிள்ளையின்மீது பழி சுமத்துவது முறையாகாது. எஞ்சிய முக்காற்பங்கையும் பிள்ளைகள் தமக்குள் பகிர்ந்துகொள்ள இடம் கொடுப்பது பெரியோராகிய நம் கடமை.